எல்லாரையும் பார்த்துக்கொள்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது எப்படி: என்னியகிராம் இரண்டாம் வகைக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை போட வேண்டும் என்று இவருக்குத் தெரியும். அலுவலகத்தில் யார் குழந்தைக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டில் மனஸ்தாபம், எல்லாம் தெரியும். ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று இவரிடம் கேட்டால் மட்டும் ஒரு கணம் திகைப்பார். பிறகு, ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். மனிதர்களை ஒன்பது வகையாகப் பிரித்துப் பார்க்கும் என்னியகிராம் என்ற முறை இரண்டாம் வகை என்பது இவர்களைத்தான். ‘உதவியாளர்’ என்றும் ‘கொடுப்பவர்’ என்றும் பெயர்.

இவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ‘கொஞ்சம் உன்னையும் கவனி, தெம்பு இருந்தால்தானே மற்றவர்களுக்குச் செய்ய முடியும்’ என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இரண்டாம் வகைக்கு இது பலிக்காது. ஓய்வையும் பிறருக்காக எடுக்கும் ஓய்வாக மாற்றிவிடுகிறது. நோய் அப்படியே இருக்கிறது. இவர்கள் பழக வேண்டியது தன் தேவை இன்னது என்று கண்டுபிடித்து, அதை வாய்விட்டுக் கேட்டு, கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான். மொத்தம் 12 வாரம் ஆகும். அவசரப்பட்டால் பாதியில் நிற்கும்.

செருக்கு என்ற பெயர் எப்படி வந்தது

இவ்வளவு அன்பானவர்களின் அடிப்படைச் சிக்கல் ‘செருக்கு’ என்று என்னியகிராம் சொல்வது பலருக்கு அடி விழுந்த மாதிரி இருக்கும். அதன் வேரைத் தெரிந்துகொண்டால் கோபம் வராது.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனத்தை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தினார். அதில் கடைசி செருக்கு. கடவுளின் துணை எனக்குத் தேவைப்படவில்லை, நற்செயல்களுக்கு நானே காரணம் என்று நினைக்க வைப்பது அது. அடுத்து, சுற்றியிருப்பவர்கள் தன்னை அப்படி மதிக்கவில்லையே என்ற எரிச்சல். அதன் பின்னாலேயே கோபமும் துயரமும். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது. இன்றைய இரண்டாம் வகைக்காரர் ஒருவரின் கெட்ட வாரத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறது. ‘எனக்கு யார் உதவியும் வேண்டாம், எல்லாருக்கும் என் உதவி வேண்டும்’ என்ற நம்பிக்கைதான் இங்கே செருக்கு. தலைக்கனம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்னியகிராமின் ஒன்பது புள்ளி கொண்ட வரைபடத்தை 1916 வாக்கில் ரஷ்யாவில் குர்ஜீஃப் என்ற ஆன்மிக ஆசிரியர் தன் மாணவர்களுக்குக் காட்டினார். அவரிடம் அது மனித வகைகளைக் குறிக்கவில்லை. பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மனச்சிக்கலையும் அதைக் கரைக்கும் நற்பண்பையும் பொருத்தினார். 1970-இல் சிலி நாட்டின் அரிகா நகரில் அவரிடம் கற்ற மனநல மருத்துவர் கிளாடியோ நரஞ்ஹோ, அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் உளவியல் மொழியில் விரித்தார். அங்கிருந்து இயேசு சபைத் துறவியர் வழியாகத் தியான இல்லங்களுக்குப் பரவியது. இரண்டாம் புள்ளியில் சிக்கல் செருக்கு. அதைக் கரைக்கும் நற்பண்பு பணிவு. எனக்கும் தேவைகள் உண்டு, என்னால் எல்லாம் முடியாது என்று ஏற்பதுதான் இங்கே பணிவு. குனிந்து இன்னும் அதிகமாகச் செய்வதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாகிவிடும்.

என்னியகிராம் அறிவியல் அளவுகோலா என்று கேட்டால், இல்லை. ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. 2003-இல் வத்திக்கான் வெளியிட்ட புதுயுக ஆன்மிகம் பற்றிய ஆவணமும் இதை ஆன்மிக வளர்ச்சிக்கான கருவியாக வைப்பது பற்றி எச்சரித்தது. தன்னைக் கவனிக்க ஒரு கண்ணாடி என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கவோ வரன் பார்க்கவோ பயன்படுத்தாதீர்கள்.

முதலில், நீங்கள் இரண்டாம் வகைதானா?

நம் வீடுகளில் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண், இணையத்தில் இருக்கும் வினாத்தாளை நிரப்பினால் விடை பெரும்பாலும் ‘இரண்டு’ என்றுதான் வரும். ஆனால் அது வளர்ப்பு. என்னியகிராம் பார்ப்பது செயலின் பின்னால் இருக்கும் உந்துதலை.

ஒரே செயலை எடுத்துக்கொள்ளுங்கள்: உறவினர் கல்யாணத்தில் இரண்டு நாள் ஓடியாடி வேலை செய்கிறீர்கள். ‘நான் இல்லாமல் இது நடந்திருக்காது’ என்ற நிறைவும், யாரும் அதைச் சொல்லாவிட்டால் நெஞ்சில் ஒரு குத்தலும் வந்தால் இரண்டாம் வகை. செய்யாவிட்டால் சண்டை வரும், எல்லாரும் நிம்மதியாக இருக்கட்டும் என்று செய்தால் ஒன்பது. முறையாகச் செய்வது என் கடமை, மற்றவர்கள் அரைகுறையாகச் செய்வார்கள் என்றால் ஒன்று. நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் இவர்கள்தானே வருவார்கள் என்ற பாதுகாப்புக் கணக்கு முன்னால் நின்றால் ஆறு.

இன்னொரு சோதனை: கெட்ட நாளில் எப்படி மாறுகிறீர்கள்? வரைபடத்தில் இரண்டிலிருந்து இரண்டு கோடுகள் போகின்றன, ஒன்று எட்டுக்கு, ஒன்று நான்குக்கு. நெருக்கடியில் இரண்டாம் வகை எட்டின் கெட்ட பக்கத்தை எடுக்கும். இவ்வளவு நாள் சிரித்த முகம் திடீரென்று அதட்டும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். ‘நான் இல்லன்னா தெரியும் உங்களுக்கு’ என்பது அந்தக் கோட்டில் நின்று பேசும் பேச்சு. நன்றாக இருக்கும்போது நான்கின் நல்ல பக்கம், அதாவது தனிமையும் தன் உணர்வை நேராகப் பார்க்கும் துணிவும் கூடும். இரண்டும் உங்களுக்குப் பொருந்தினால் தொடருங்கள்.

படி 1: பதினான்கு நாள் கணக்கு

ஒரு சாதாரண நோட்டு போதும். இரவு படுக்கும் முன் 5 நிமிடம். அன்று பிறருக்குச் செய்தவற்றில் மூன்றை மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் எழுதினால் நான்காம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரம்: யாருக்கு, என்ன, கேட்டார்களா, அப்போது என் உடம்பு எப்படி இருந்தது, உள்ளுக்குள் என்ன எதிர்பார்த்தேன்.

மாதிரிக்கு ஒன்று: ‘செவ்வாய் இரவு 7 மணி. நாத்தனார் மகளுக்குப் பள்ளி சார்ட் வரைந்து கொடுத்தது. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். மதியம் சாப்பிடாததால் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன்.’

ஐந்தாவது விவரத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். ‘எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று பதினான்கு நாளும் எழுதியிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது; இந்த வகையின் குருட்டுப் புள்ளி அது. அதைத் திறக்க ஒரு வழி: அந்த உதவியைப் பற்றி அவர் இனி ஒருபோதும் பேசப்போவதில்லை, நன்றியும் கிடையாது, வேறு யாரோ செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். தொண்டையிலோ நெஞ்சிலோ ஏதாவது அசைந்தால், எதிர்பார்ப்பு அங்கே இருக்கிறது. அதைத் திட்ட வேண்டாம், எழுதினால் போதும்.

பதினைந்தாம் நாள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மொத்தம் 42 உதவிகள் இருக்கும். கேட்காமலே செய்தவை எத்தனை? எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை முறை? பசியிலோ வலியிலோ தூக்கக் கலக்கத்திலோ செய்தவை எத்தனை? இந்த மூன்று எண்களையும் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், 12-ஆம் வாரத்தில் மறுபடி வேண்டும்.

படி 2: உடம்பிடம் விசாரிப்பது

3-ஆம் வாரத்திலிருந்து தினமும் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். கைபேசியில் அலாரம் வைத்தால், அடிக்கும்போது யாருக்கோ ஏதோ செய்துகொண்டிருப்பீர்கள், அணைத்துவிட்டுத் தொடர்வீர்கள். அதனால் ஏற்கெனவே செய்யும் வேலையோடு ஒட்டுங்கள்: காலையில் பல் துலக்கியதும், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவு வாசல் கதவைப் பூட்டியதும்.

உட்கார்ந்து, கையை வயிற்றில் வைத்து, இந்த வரிசையில் கேளுங்கள். பசிக்கிறதா? தாகமா? கழிப்பறைக்குப் போக வேண்டுமா? எங்கே வலி? எங்கே இறுக்கம்? தூக்கம் போதுமா? அடிப்படையானவற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு பிறர் வேலையைப் பார்ப்பவருக்கு, ‘வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும்’ என்ற கேள்வி எட்டாத உயரத்தில் இருக்கும். கடைசியாக ஒரே கேள்வி: ‘இப்போது எனக்கு என்ன வேண்டும்?’

விதி ஒன்றுதான். விடையில் இன்னொருவர் எழுவாயாக வரக் கூடாது. ‘பையன் நல்லாப் படிக்கணும்’, ‘அவருக்குப் பதவி உயர்வு வரணும்’ எல்லாம் கணக்கில் சேராது. ‘தெரியவில்லை’ என்பது சரியான விடை. முதல் இரண்டு வாரம் பலருக்கும் அதுதான் வரும். அதன் பின் வருபவை அற்பமாகத் தோன்றும்: ஜன்னலோரம் உட்கார வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும், யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் வேண்டும். அந்த அற்பத்தை மதியுங்கள். உடனே முடிந்தால் கொடுங்கள்.

சிலருக்குக் காரணம் தெரியாமல் அழுகை வரும். இதய மையம் எனப்படும் இரண்டு, மூன்று, நான்கு வகைகளுக்கு அடியில் இருப்பது துயரம் என்று சில என்னியகிராம் ஆசிரியர்கள் சொல்வார்கள். ஐந்து நிமிடம் அழுதால் தானாகத் தணியும். அழுகையை நிறுத்த யாருக்காவது போன் போட்டு ‘எப்படி இருக்கே?’ என்று விசாரிக்க ஆரம்பிப்பதுதான் பழைய வழி. அதை மட்டும் தவிருங்கள்.

படி 3: கேட்காத உதவிக்கு 24 மணி நேரம்

5-ஆம் வாரம். யாரும் கேட்காமல் நீங்களாக முன்வந்து செய்ய நினைக்கும் உதவியை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். சிறு குழந்தைகள், நோயாளிகள், ஆபத்து இவற்றுக்கு விதிவிலக்கு. முதல் வாரம் அறிவுரைக்கும் பரிசுக்கும் மட்டும், இரண்டாம் வாரம் வேலை செய்து கொடுப்பதற்கும், மூன்றாம் வாரம் பணத்துக்கும்.

எதிரில் ஒருவர் கஷ்டத்தைச் சொல்லும்போது வாய் தானாக, ‘விடுங்க, நான் பாத்துக்கறேன்’ என்று திறக்கும். அதன் இடத்தில் வைக்க ஒரு வாக்கியம்: ‘என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?’ கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பாதிப் பேர் தாங்களே ஒரு வழி சொல்வார்கள். அது கொஞ்சம் வலிக்கும். அந்த வலியைக் கவனியுங்கள், படி 1-இன் ஐந்தாவது விவரம் அதுதான்.

யாராவது நேரடியாகக் கேட்டாலும் ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று பழகுங்கள். முடியாது என்றால், ‘இந்த வாரம் என்னால முடியாது’. அவ்வளவுதான். காரணம் அடுக்கக் கூடாது. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவர் ஒரு தீர்வு சொல்வார், நீங்கள் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து உங்கள் காரணத்தையே உடைத்துக்கொடுப்பீர்கள். மறுத்த பிறகு குற்ற உணர்வு நிச்சயம் வரும். அது வந்தால் தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. பழக்கம் மாறும்போது எழும் சத்தம். அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டு, ‘சரி, எப்படியாவது பண்ணித் தரேன்’ என்று சொல்லாமல் ஒரு இரவு தாண்டினால், மறுநாள் காலையில் பாதி இறங்கியிருக்கும்.

7-ஆம் வாரத்தில் ஒரு எதிர்ப்பு வரும். ‘முன்ன மாதிரி இல்ல நீ’ என்பார்கள். எதிர்பார்த்துக்கொண்டே இருங்கள். வாதாட வேண்டாம், ‘ஆமா, கொஞ்சம் மாறிட்டுத்தான் வரேன்’ போதும். சில உறவுகள் இந்தக் கட்டத்தில் தளரும். அவை உங்கள் உழைப்பை மட்டுமே கட்டிக்கொண்டிருந்தவையா என்பது அப்போதுதான் தெரியும், அது தெரிவது நல்லது.

படி 4: கேட்பது

இந்தப் படிதான் மையம். மற்றதை எல்லாம் செய்து இதை விட்டால் ஒன்றும் மாறாது. இதை மட்டும் செய்தாலும் பாதி தூரம் கடந்தாயிற்று.

இரண்டாம் வகை கேட்காமல் இருப்பதில்லை. ஓயாமல் கேட்கிறது, ஆனால் கொடுப்பதன் வழியாக. ‘நான் உனக்குச் செய்ததைப் பார்த்து எனக்கு என்ன வேண்டும் என்று நீயே புரிந்துகொள்’ என்பது அந்தக் கோரிக்கை. எதிரில் இருப்பவருக்கு அது கேட்பதில்லை. கேட்காதவர்மேல் மனக்குறை சேர்கிறது. அதனால் இனி வாயால் கேட்க வேண்டும்.

தினமும் ஒரு கோரிக்கை. முதல் இரண்டு வாரம் உறவில் பாரம் ஏறாத சின்ன விஷயம்: கடைக்காரரிடம் வேறு பழம் மாற்றித் தரச் சொல்வது, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்வது. அடுத்த இரண்டு வாரம் வீட்டு வேலை. இங்கே ஆள், வேலை, நேரம் மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘இந்த வீட்ல யாராவது ஒரு பாத்திரமாவது கழுவறீங்களா’ என்பது புலம்பல். ‘தம்பி, இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பாத்திரத்தை நீ கழுவிடு’ என்பது கோரிக்கை. அதற்கடுத்து மனசு: ‘ஒரு பத்து நிமிஷம் நான் பேசணும், நீங்க யோசனை சொல்ல வேண்டாம், கேட்டா போதும்.’ கடைசியாகப் பெரியவை: பணம், விடுப்பு, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் அண்ணன் தம்பிகளின் பங்கு.

கேட்பது பலிக்காமல் போவதற்கு நான்கு காரணங்கள்தான். ஜாடையாகச் சொல்வது. ‘உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்’ என்று கேட்கும்போதே திரும்பப் பெற்றுக்கொள்வது. கேட்டுவிட்டு, அவர் எழுவதற்குள் தானே செய்துவிடுவது. அவர் செய்ததைத் திருத்தி மறுபடி செய்வது. இதில் கடைசி இரண்டும் செருக்கின் வேலை: என்னைப் போல யாராலும் முடியாது என்று நிரூபித்துக்கொள்வது. மடித்த துணி கோணலாக இருக்கட்டும். அலமாரி மூடியிருந்தால் தெரியாது.

மறுப்பு வந்தால்? மறுக்க முடியாத கோரிக்கை கட்டளை. ‘சரி’ என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் கேளுங்கள். ஒருவர் மறுத்ததை வைத்து, ‘இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் கேக்கறதில்ல’ என்று கடையை மூடிவிடாதீர்கள்.

கிடைத்தால், 72 மணி நேரத்துக்குக் கைம்மாறு செய்யக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். வாங்கிக்கொண்டவராக மூன்று நாள் இருப்பது இந்த வகைக்குப் பெரிய தவம். ‘ரொம்ப உதவியா இருந்துச்சு’ என்று ஒரு வரி, அத்துடன் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே என்று கேட்கலாம். வழக்கத்தை மீற வேண்டாம்: ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுங்கள், பாயசம் கிண்ட உட்காராதீர்கள்.

படி 5: யாருக்கும் அல்லாத நேரம்

9-ஆம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு முறை, 40 நிமிடம், தனியாக. நான்காம் புள்ளியை நோக்கிய கோடு இது. பாடலாம், வரையலாம், எழுதலாம், உங்களுக்கு மட்டும் பிடித்த, வீட்டில் வேறு யாரும் தொடாத பதார்த்தத்தைச் சமைத்துச் சாப்பிடலாம். படம் எடுத்து அனுப்பக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் அது மறுபடி ஒருவரை மகிழ்விக்கும் பொருளாகிவிடும். முதல் சில முறை சலிப்பும் பொறாமையும் வரும், ‘எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் மட்டும்’ என்ற எண்ணம் எழும். நான்கின் வாசலில் இவை வழக்கமாக நிற்பவை. தாண்டிப் போங்கள்.

ஜெபமோ தியானமோ செய்பவர்கள் தங்கள் வேண்டுதலைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள், அம்மா, பக்கத்து வீடு, நோயில் இருப்பவர்கள் என்று பட்டியல் நீளும். தன் பெயர் இருக்காது. முதல் வரியைத் தன் தேவைக்காக வையுங்கள். பிறகு 10 நிமிடம் எதையும் கேட்காமல், யாருக்காகவும் பரிந்து பேசாமல் உட்காருங்கள். இச்சாசோவின் போதனையில் இந்தப் புள்ளிக்கு உரிய மெய்யறிவு விடுதலையும் இறைச்சித்தமும். உலகம் என் கையால் ஓடவில்லை என்ற நிம்மதி அது. கருத்தாகப் படித்தால் அது ஒட்டாது. வாரத்தில் ஒரு வேலையைத் தெரிந்தே விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஒட்டும்.

கோபம் கிளம்பும்போது

பாத்திரம் சத்தமாக விழும். ‘இவ்வளவு செஞ்சும்’ என்று வாக்கியங்கள் தொடங்கும். திடீரென்று முதுகுவலி பற்றி எல்லாரிடமும் பேச்சு. எட்டுக்குப் போகும் பாதையின் அடையாளங்கள் இவை. முதலில் 30 நிமிடம் வேகமாக நடங்கள். எட்டின் வலிமை உடம்பில் இருக்கிறது, அதற்கு வேலை கொடுங்கள். திரும்பி வந்து மனக்குறையை எழுதி, அதன் எதிரே அதில் ஒளிந்திருக்கும் கேட்கப்படாத கோரிக்கையை எழுதுங்கள். ‘என்னை யாருமே கண்டுக்கறதில்ல’ என்பதன் எதிரே, ‘ஞாயிறு சாயங்காலம் என்கூட கோயிலுக்கு வாங்க’. கோரிக்கையாக மாற்ற முடியாத மனக்குறை மிகச் சிலதே. அவை உண்மையான அநியாயங்கள். அவற்றுக்கு எட்டின் கோபம் தேவைதான், அடக்காதீர்கள்.

மூன்று உள்வகைகள்

எல்லா இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. நரஞ்ஹோ பிரித்த மூன்று உள்வகைகளில், தற்காப்பு உந்துதல் மேலோங்கியவர் குழந்தைபோலச் செல்லமாக இருப்பார். செய்த சேவைக்குத் தனக்கொரு சலுகை உண்டு என்று நினைப்பார். இவருக்கு ஓய்வும் தீனியும் ஏற்கெனவே உண்டு. தன் மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் இவற்றைத் தானே செய்வதுதான் இவருடைய தற்கவனிப்பு. சமூக உந்துதல் உள்ளவர் சங்கம், குழு, பங்குப் பேரவை என்று எல்லாவற்றிலும் தூணாக நிற்பார். இவர் ஒரு பொறுப்பை விட்டு விலக வேண்டும், மாதம் ஒரு உதவியைப் பெயர் தெரியாமல் செய்ய வேண்டும். ஒருவரோடு ஒட்டும் உந்துதல் உள்ளவருக்கு ஒரே ஆள்தான் உலகம். தினமும் குறித்த 4 மணி நேரம் அவருக்குச் செய்தி அனுப்பாமல் இருப்பதும், வேறு இரண்டு நட்புகளுக்கு உயிர் கொடுப்பதும் இவருக்கான பயிற்சி.

படித்துக்கொண்டே வந்து, தான் இரண்டு இல்லை என்று தெரிந்தவர்களுக்கு: ஒன்பதாம் வகை, உணவகத்தில் எதை வாங்கலாம் என்பதை முதலில் சொல்லிப் பழகட்டும். ஒன்றாம் வகை, வேலை முடிந்ததும் ஓய்வு என்றால் ஓய்வே வராது. நேரம் குறித்து, வேலை பாதியில் இருக்கும்போதே எழ வேண்டும். ஐந்துக்குத் திசையே வேறு, அவர் கொடுப்பதில்தான் வளர்வார்.

பொறுப்பைக் குறைக்கவே முடியாதபோது

படுக்கையில் கிடக்கும் மாமனார், ஆறு மாதக் குழந்தை. இங்கே ‘முடியாது என்று சொல்’ என்பது இரக்கமற்ற அறிவுரை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு வாரம் மூன்று நிறத்தில் குறியுங்கள்: கையால் செய்தே ஆக வேண்டியவை, சும்மா அருகில் இருக்க வேண்டியவை, யாரும் கேட்காமல் நீங்கள் சேர்த்துக்கொண்டவை. முதல் நிறத்தைத் தொடாதீர்கள். மூன்றாவதை முதலில் குறையுங்கள். இரண்டாவதிலிருந்து வாரம் 4 மணி நேரத்தை ஒரு நிலையான ஆளிடம் கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே நேரம். மருந்து நேரம், ஆகாரம், மருத்துவர் எண், எது நடந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெளியே போன பின் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். திரும்பி வந்ததும், ‘நீ செய்யற மாதிரி இல்லம்மா’ என்று மாமனார் சொல்வார். அது தேன் மாதிரி இனிக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த வார 4 மணி நேரத்தை ரத்து செய்தவர்கள் நிறைய.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, நோயாளி மேலோ குழந்தை மேலோ கை ஓங்கும் அளவுக்கு எரிச்சல், உயிரை விடும் எண்ணம் என்றால், இதை வகைப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

11-ஆம் வாரம் பழைய நோட்டை எடுத்து, மறுபடி பதினான்கு நாள் எழுதி, 12-ஆம் வார முடிவில் மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். மொத்த உதவி அவ்வளவாகக் குறைந்திருக்காது, குறைய வேண்டியதும் இல்லை. கேட்காமல் செய்தவையும் பசியோடு செய்தவையும் குறைந்திருந்தால் சரியாகப் போகிறீர்கள். ஏறியிருந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். அங்கே அவசரப்பட்டிருப்பீர்கள்.

கூட இருப்பவர்களுக்கு

உங்கள் அம்மாவோ மனைவியோ நண்பரோ இரண்டாம் வகை என்றால், ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் சொல்ல மாட்டார். ‘சனிக்கிழமை காலை 9-லேர்ந்து 12 வரைக்கும் நான் வீட்ல இருக்கேன், நீங்க வெளிய போயிட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். சமையலையும் சேவையையும் பாராட்டும் அதே அளவு, அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் முதன்முதலாக ஒன்று கேட்கும்போது குரல் கொஞ்சம் கரடுமுரடாக வரலாம், பழக்கமில்லாத வேலை. தொனியைத் திருத்தாமல் கேட்டதைச் செய்து கொடுங்கள். செய்துவிட்டு, ‘இதுக்குப் போய் இவ்வளவு யோசிச்சீங்களா’ என்று சொல்லிவிடாதீர்கள்.